பரணில் கிடக்கும் தாத்தாவின் இழைப்புளி... எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

தச்சு வேலை பார்த்த யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ ஒரு மரப்பெட்டி கட்டாயம் இருக்கும். உள்ளே உளி, அரம், சுத்தியல், கொட்டாப்புளி... அதற்கெல்லாம் அடியில் துருப்பிடித்து ஒன்று கிடக்கும், இழைப்புளி. வீடு காலி பண்ணும்போதோ பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதோ அதைக் கையில் எடுத்துப் பார்த்து, 'இது எதுக்கு இனிமே?' என்று பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

நடுத்தர அளவு இரும்பு இழைப்புளி ஒன்றின் எடை சுமார் ஒன்றே முக்கால் கிலோ. எடைக்குப் போட்டால் ஒரு பிரியாணி காசுகூடத் தேறாது. ஆனால், அதை மறுபடியும் வேலை செய்ய வைக்க உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு சனி, ஞாயிறும் சில நூறு ரூபாய் உப்புத்தாளும்தான்.

இன்னொரு பக்கம், யூடியூப் 'ரெஸ்டோரேஷன்' வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கிரைண்டரோடு களமிறங்கும் கூட்டமும் இருக்கிறது. கண்ணாடி மாதிரி பாலிஷ், புது பெயின்ட் என எல்லாம் முடித்து ஷெல்ஃபில் வைப்பார்கள். மரத்தில் வைத்துத் தள்ளினால் ஒரு சுருள்கூட வராது. காரணம் சிம்பிள். இழைப்புளியில் உண்மையில் வேலை செய்யும் இடங்கள் மூன்றே மூன்றுதான்: அடிப்பரப்பு, பிளேடின் முனை, பிளேடும் அதன் மேல் உட்காரும் தகடும் சேரும் இடம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் கறுத்துக் கிடந்தாலும் கருவி ஓடும். இந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு மினுக்கினாலும் அது வெறும் ஷோகேஸ் பொருள்.

எப்படிச் சரிசெய்வது, எதைத் தொடவே கூடாது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உங்க கையில இருப்பது எது?

இழைப்புளி ரொம்பப் பழைய கருவி. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்திலேயே இது கிடைத்திருக்கிறது. அன்று முதல் இன்று வரை வேலை ஒன்றுதான்: ஒரு கட்டைக்குள் சாய்வாக நிற்கும் பிளேடு, மரத்தின் மேட்டை மட்டும் சீவி எடுக்கும்.

நம் ஊர் வீடுகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, முழுக்க மரத்தால் ஆனது. நடுவில் பள்ளம், அதற்குள் பிளேடு, அதை இறுக்கிப் பிடிக்க ஒரு மர ஆப்பு. திருகு, சக்கரம் எதுவும் கிடையாது.

இன்னொன்று, வார்ப்பிரும்பு உடல் கொண்டது. இதன் வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. பாஸ்டனைச் சேர்ந்த லெனார்ட் பெய்லி 1860-களில் இதை உருவாக்கினார். 1869-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி நிறுவனம் அவரிடமிருந்து அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது. பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் பிராண்டும் 1930-களில் இதே வடிவத்தில் செய்ய ஆரம்பித்தது. இந்தியாவில் தயாராகும் பெரும்பாலான இரும்பு இழைப்புளிகளும் இதே பெய்லி டிசைன்தான். அதனால், உங்களுடையது எந்த ஊர்த் தயாரிப்பாக இருந்தாலும் பழுதுபார்க்கும் முறை ஒன்றே.

உடலில் வார்த்திருக்கும் நம்பர்தான் அளவைச் சொல்லும். நம்பர் 4 என்றால் சுமார் 9 அங்குல நீளம், கடைசியாக மழமழப்பாக்க உதவுவது. நம்பர் 5 என்றால் 14 அங்குலம், எல்லா வேலைக்கும் ஆகும். நம்பர் 7 என்றால் 22 அங்குலம், நீளப் பலகையின் விளிம்பை நேராக்க. முதல் முறை ரிப்பேர் செய்பவர்களுக்கு 4 அல்லது 5 சரியான சைஸ். நம்பர் 7-ன் அடியை மட்டமாக்குவது தோள்பட்டையைக் கழற்றிவிடும்.

முதலில் ஒரு ஹெல்த் செக்கப்

துருவைப் பார்த்துப் பயப்படாதீங்க. துரு பெரும்பாலும் மேலோட்டமான பிரச்னை. பயப்பட வேண்டியது விரிசலுக்கு.

வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் வளையாது. கை தவறிச் சிமென்ட் தரையில் விழுந்தால் உடைந்துவிடும். பிளேடு வெளியே வரும் 'வாய்' பகுதியின் இரண்டு மூலைகளையும், இரு பக்கச் சுவர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். அந்த இடத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். வாயிலிருந்து பக்கச் சுவர் வரை விரிசல் ஓடியிருந்தால் அந்த உடலில் நேரம் செலவழிக்க வேண்டாம். மற்ற பாகங்களை ஸ்பேராக எடுத்து வைத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்பை வெல்டிங் வைப்பது லேசான வேலை இல்லை. வைத்தாலும் சூட்டில் உடல் கோணிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பிளேடு. முனைக்கும் மேலே உள்ள நீள்துளைக்கும் நடுவே எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். 2 செ.மீ-க்கு மேல் இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். முனைக்குப் பக்கத்தில் ஆழமான துருக்குழிகள் இருந்தால் புது பிளேடு வாங்குவதே நல்லது. நம்பர் 4, 5 வகைகளில் பெரும்பாலும் 2 அங்குல அகல பிளேடுதான், இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

கழற்றும் முன் ஒரு போட்டோ

போன் கையில்தானே இருக்கு? நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்ற ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிளிக். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வையுங்கள். இதை அலட்சியம் செய்யக் கூடாது. பழைய ஸ்டான்லி திருகுகளின் புரி அளவு சாதாரண ஹார்டுவேர் கடைத் திருகுகளோடு பொருந்தாது. ஒன்று தொலைந்தால் இன்னொரு பழைய இழைப்புளியைத் தேட வேண்டியதுதான்.

திருகு அசையவில்லையா? முரட்டுத்தனம் வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரே, இல்லையென்றால் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, முதலில் சற்று இறுக்குவது போல் திருப்பி, பிறகு கழற்றுங்கள்.

துருவை எடுப்பது எப்படி?

லேசான செந்துரு என்றால் ஆசிடே தேவையில்லை. தையல் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு, 320 நம்பர் எமரி பேப்பர், பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான்.

கெட்டியான துருவுக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் போதும். அல்லது, ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது கடைகளில் 'லெமன் சால்ட்' என்று கேட்டால் தருவார்களே, அது. பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பதன் பின்னால் இருக்கும் அதே சங்கதிதான்: அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்ஸைடைக் கரைக்கிறது. ஆனால், துருவைக் கரைத்து முடித்த பிறகு அமிலம் சும்மா இருக்காது, நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். அதனால் ஊறப்போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீங்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மரக் கைப்பிடிகளையும் பித்தளைப் பாகங்களையும் இதில் போடக் கூடாது.

வெளியே எடுத்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து ஹேர் டிரையரில் காய வையுங்கள். காய்ந்த கையோடு எண்ணெய் தடவிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கண் முன்னாலேயே புதுத் துரு பூக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வினிகரையோ சிட்ரிக் ஆசிடையோ ப்ளீச்சோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயுவான குளோரின் வெளியேறும். இரண்டு, பழைய பெயின்ட் அடித்த கருவியை உலர்வாகச் சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈரப்படுத்தித் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடிப்பரப்பு: கிரானைட் துண்டு போதும்

அடி மட்டமாக இல்லையென்றால் பிளேடு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், முழு அடியும் கண்ணாடி போல ஆக வேண்டியதில்லை. முன் நுனி, வாய்க்கு முன்னால் உள்ள பகுதி, பின் நுனி... இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் ஆங்காங்கே லேசான பள்ளம் இருந்தால் அப்படியே விடலாம்.

கிச்சன் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு இருக்கா? அதன் பாலிஷ் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியவில்லை என்றால் அதுவே உங்கள் மட்டப்பலகை. 80 நம்பர் உப்புத்தாளை அதன் மேல் ஒட்டுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. தேய்க்கும்போது பிளேடும் அதன் மேல் மூடியும் இழைப்புளியில் மாட்டியே இருக்க வேண்டும். பிளேடின் முனை மட்டும் உள்ளே இழுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால், மூடியை இறுக்கும்போது வார்ப்பிரும்பு உடல் மிக மிக லேசாக வளைகிறது. கழற்றிய நிலையில் மட்டமாக்கினால், மாட்டியதும் மட்டம் போய்விடும்.

அடி முழுக்க மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். பத்து முறை தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். அந்த மூன்று இடங்களிலும் கோடு அழியும் வரை தொடருங்கள். பிறகு 120, 220 என்று நம்பரை ஏற்றி முடியுங்கள். 220-க்கு மேல் போவது உங்கள் இஷ்டம், அவசியம் இல்லை.

பிளேடு: பாதி வேலை பின்பக்கத்தில்

கூர்மை என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. சரிவான பக்கத்தை மட்டும் தீட்டிவிட்டுத் தட்டையான பின்பக்கத்தை மறந்தால் அந்தக் கோடு உருவாகவே உருவாகாது. அதனால் முதலில் பின்பக்கம். முனையிலிருந்து ஒரு செ.மீ வரை கிரானைட் மேல் ஒட்டிய தாளில் மட்டமாகத் தேய்த்து, 1,000 நம்பர் வரை கொண்டுவாருங்கள்.

அடுத்து சரிவு. பொதுவாக 25 முதல் 30 டிகிரி. கோணமானி தேடி அலைய வேண்டாம். சரிவின் நீளம் பிளேடின் கனத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. 2 மி.மீ கனமுள்ள பிளேடுக்கு 4 மி.மீ சரிவு. ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். கைப் பழக்கம் இல்லாதவர்களுக்கு, பிளேடைப் பிடித்துக்கொண்டு உருளும் சிறிய ஹோனிங் கைடு ஆன்லைனில் கிடைக்கிறது.

மெஷின் சாணையில் தீட்டுபவர்கள் கவனம். முனை நீல நிறமானால் அங்கே சூடு சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தின் பதம் போய்விடும், அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நிற்காது. ஒவ்வொரு சில விநாடிக்கும் தண்ணீரில் முக்குங்கள். முடிந்தால் கையாலேயே தீட்டுங்கள்.

பின்பக்கத்தில் விரலை விளிம்பை நோக்கி மெதுவாக நகர்த்தினால் லேசான பிசிறு தட்டுப்பட வேண்டும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அது வந்துவிட்டால் முனை உருவாகிவிட்டது. நுண்மையான கல்லில் இரு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் பழைய லெதர் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். நோட்டுப் பேப்பரைச் சத்தமில்லாமல் கிழித்தால் பாஸ்!

மேல்தகட்டை மறக்காதீங்க

பிளேடின் மேல் திருகி உட்காரும் இன்னொரு தகடு இருக்கிறதல்லவா? மரம் பிய்ந்துகொண்டு வராமல், சீவலை உடனே மடக்கிச் சுருட்டிவிடுவது அதன் வேலை. அதன் நுனிக்கும் பிளேடுக்கும் இடையே தலைமுடி அளவு சந்து இருந்தாலும் சீவல் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி கசிந்தால் மேல்தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

மாட்டும்போது பிளேடின் சரிவுப் பக்கம் கீழே, மேல்தகடு மேலே. அதன் நுனி பிளேடின் முனையிலிருந்து சுமார் ஒரு மி.மீ பின்னால். முறுக்கு நார் உள்ள மரத்துக்கு இன்னும் நெருக்கமாக வைக்கலாம்.

மர இழைப்புளி என்றால்?

பிளேடு வேலை அதேதான். உடலில் மட்டும் சில மாற்றங்கள். கழற்ற ஆப்பைப் பிடுங்க வேண்டாம். பின்பக்கக் குறுக்கு முகத்தில் மரச் சுத்தியலால் தட்டினால் ஆப்பும் பிளேடும் தானாகத் தளரும். தண்ணீரில் கழுவவே கூடாது.

அடி தேய்ந்திருந்தால் கிரானைட்டில் மட்டமாக்கலாம். ஆனால், உள்பள்ளம் மேல்நோக்கி விரிவதால், அடியைத் தேய்க்கத் தேய்க்க வாய் அகலமாகும். வாய் அகலமானால் மரம் பிய்யும். இதற்குப் பழைய தச்சர்களின் வைத்தியம் ஒன்று உண்டு: வாய்க்கு முன்னால் சின்னப் பள்ளம் வெட்டி, கெட்டியான மரத்துண்டை ஒட்டி, வாயை மறுபடியும் சிறிதாக்குவது. அந்த ஒரு வேலையை மட்டும் அனுபவமுள்ள ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

காய்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

எதை விட்டுவிட வேண்டும்?

கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கித் தேய்ந்திருக்கும். அது பல வருடம் ஒரே உள்ளங்கை அழுத்திய இடம். உடலின் ஓரத்திலோ மேல் கட்டையிலோ இரண்டு எழுத்து பொறித்திருக்கலாம். பலர் சேர்ந்து வேலை பார்க்கும் பட்டறையில் 'இது என்னுது' என்று சொல்ல உரிமையாளர் போட்ட அடையாளம். இவற்றை உப்புத்தாள் போட்டு அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

கம்பெனி விட்டுவைத்த தடயங்களும் அப்படித்தான். பிளேடு தாங்கிக்குப் பின்னால் வார்த்திருக்கும் பேட்டன்ட் தேதிகளை வைத்து ஸ்டான்லி இழைப்புளியின் காலத்தைக் கணிக்கிறார்கள். 1902, 1910 என மூன்று தேதிகள் வரிசையாக இருந்தால் அது 1910-களில் செய்தது. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் பித்தளையாக இல்லாமல் கறுப்புக் கெட்டி ரப்பராக இருந்தால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பித்தளைத் தட்டுப்பாட்டில் பிறந்த கருவியாக இருக்கலாம். அந்த ரப்பர் சக்கரத்தைக் கழற்றி பளபள பித்தளை போடுகிறவர், அந்தக் கதையையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்.

ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளலாம். எண்ணெய், துடைப்பது, தீட்டுவது தாராளமாகச் செய்யலாம். கிரைண்டர், வெல்டிங், பெயின்ட்... மூன்று நாள் யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கலாமா?

முதல் சோதனையைத் தேக்கில் செய்யாதீர்கள். தேக்கில் சிலிக்கா துகள்கள் இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். பார்சல் பெட்டிகளில் வரும் பைன் பலகை சரியான சாய்ஸ். பிளேடை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் சீவினால் பக்கவாட்டு லீவரை லேசாக நகர்த்துங்கள். மரம் பிய்ந்தால் பலகையைத் திருப்பி வைத்து எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளுங்கள், நார் படுத்திருக்கும் திசை அதுதான். செய்தித்தாள் கனத்தில் முழு அகலச் சுருள் விழுந்தால் வேலை முடிந்தது.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மெஷின் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். அதைவிட முக்கியம் தூசி. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. சாண்டிங் மெஷின் கிளப்புவது நுண் தூசி. இழைப்புளி தள்ளுவது சுருள், பெருக்கி அள்ளிவிடலாம்.

மறுபடியும் துரு வராமல் இருக்க...

வேலை முடிந்ததும் அடியிலும் பிளேடிலும் தையல் மெஷின் ஆயில் தடவித் துடையுங்கள். வியர்வைக் கையால் தொட்ட இடங்களை விட்டுவிடாதீர்கள், உப்புதான் துருவுக்கு முதல் நண்பன். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் கருவிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள்தானே? தாராளமாக வையுங்கள். ஈரச் சந்தனம் இரும்பில் நாள்கணக்கில் இருந்தால் அந்தப் பொட்டின் வடிவிலேயே துரு பிடிக்கும். அதனால் மறுநாளே துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

ஊரில் அந்த இழைப்புளியைப் பிடித்த கை இன்னும் இருந்தால், கருவியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுங்கள். பிளேடை எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவார். அதற்கு மட்டும் யூடியூப்பில் வீடியோ கிடையாது.